பனையேறிய மீனும் தரங்கம்பாடி அன்பர்களும்

காவிரியின் கடைமடையாகிய காரைக்கால் பிரதேசத்திலும் அதனைச் சூழ்ந்த நாகை, மயிலாடுதுறை வட்டாரங்களிலும் பனையேறிக் கெண்டை என்னும் சிறு மீனை அறியாத உழவர் இல்லை. ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் நிரம்பி வரப்புகள் மூழ்கும் சமயத்தில், குளத்தையும் குட்டையையும் விட்டு வெளியேறி, ஈரப் புல்லின்மீது உடலை நெளித்து நெளித்து அடுத்த நீர்நிலையை நாடிச் செல்லும் அம்மீன், பறியில் அகப்பட்டு வீடு வந்து சேர்ந்த பிறகும் நெடுநேரம் உயிரோடிருந்து, சாம்பலிட்டு உரசும் கையைக் குத்திவிட்டே சாகும் என்பது எல்லாரும் கண்டது. ஆனால் அது பனைமரத்திலும் ஏறும் என்பதோ எல்லாரும் சொல்வது; கண்டவர் யாரென்று வினவினால், விடை ஒரு தலைமுறை பின்னோக்கிச் சென்று, காலமாகிவிட்ட ஏதோ ஒரு பெரியவரிடம் போய் நின்றுவிடும்.

இவ்வாறு காட்சிக்கும் பேச்சுக்கும் நடுவே கிடக்கும் ஜந்துக்களைப் பற்றிய விசாரணை, பல்கலைக்கழகங்களும் அரசாங்க இலாகாக்களும் ஏற்படுமுன்பே, வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் பார்த்துக்கொண்டு, ஓய்வு வேளையில் ஊதியம் கருதாது இயற்கையை ஆராய்ந்த அன்பர்களின் சிறு கூட்டங்களால் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. அத்தகைய கூட்டம் ஒன்று, காரைக்கால் நகரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள், நண்டலாற்றுக்கு வடக்கே, தரங்கம்பாடியில் இருந்தது என்பதும், பனையேறும் மீனைப் பற்றி ஐரோப்பிய சாஸ்திர உலகத்தின் முன் வைக்கப்பட்ட புகழ்பெற்ற சாட்சியம் அவ்வூரிலிருந்தே சென்றது என்பதும், நம் பக்கத்தவரிற் பலர் அறியாத செய்திகள்.

ஐதிகம் மட்டும் மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னூறு ஆண்டு முன்னரே, கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், நீரைவிட்டு வெளியேறித் தரையில் உலாவித் திரும்பும் மீன்கள் இந்திய நாட்டில் உண்டு என்று கேள்விப்பட்டு எழுதினார். அரபுக் கடலோடிகளும் வணிகர்களும் கூறிய செய்திகளைத் திரட்டி 851-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட சீன இந்திய வருணனை நூலிலோ, கடலைவிட்டு வந்து தென்னைமரத்தில் ஏறி, அதன் சாற்றைக் குடித்துவிட்டு மீண்டும் கடலுக்குச் செல்லும் மீன் ஒன்று பேசப்படுகிறது. அந்த அரபு வணிகர் எந்தத் துறைமுகத்தில், எந்தக் கள்ளுக்கடை வாசலில் இதைக் கேட்டாரோ! மீன் குடித்ததைவிடச் சொன்னவர் குடித்தது அதிகமாக இருக்கலாம் என்று இன்று நாம் நகைத்தாலும், தரையில் ஊரும் மீன் என்னும் மெய்ம்மையின் கரு அந்தக் கதைக்குள் பத்திரமாக இருப்பதைக் காணாமலிருக்க இயலாது.

நம் தருக்க நூலார் அறிவுக்குரிய வாயில்களைக் காட்சி, கருதல், உரை என்று வகுத்தனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவை இலக்கணம் கூறுகையில், காட்சியும் பழுதற்றதாக இருக்கவேண்டும், ஐயமும் திரிவும் கலந்த காட்சி பிரமாணமாகாது என்பதை விளக்குகிறார். நூறு வாய்கள் சொல்லிய உரையும் கண்டவன் ஒருவனிடம் போய் முடியவேண்டும். அவனும், தான் கண்டது எது, கண்டதிலிருந்து தான் கருதியது எது என்பதைப் பிரித்துச் சொல்லவேண்டும். ஐதிக ஜந்துக்களைத் தேடிப் புறப்பட்ட அன்பர் கூட்டங்களுள் எவை பயன் தந்தன, எவை ஆண்டுக்கணக்கில் கண்விழித்தும் வெறுங்கையோடு திரும்பின என்பதை அளப்பதற்கு, இந்தப் பழைய கோலைவிடச் சிறந்த கோல் எனக்குத் தோன்றவில்லை.

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த சிறு துறைமுகம். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய பின்னர், ஜெர்மனியின் ஹாலே நகரத்தோடு தொடர்புகொண்ட மிஷனரிமார் அங்கே தமிழ் கற்று, அச்சுக்கூடம் நடத்தி, பள்ளிகள் வைத்து வாழ்ந்து வந்தனர். 1768-இல், லின்னேயஸிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் வைத்தியர் அந்த மிஷனுக்கு வந்து சேர்ந்தார்; வந்தவர், நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சியதையெல்லாம் வயல்வரப்பிலும் குளக்கரையிலும் செடி தேடுவதிற் செலவிட்டதோடு, தம்மைப் போன்ற ஆர்வம் உடையோரை ஒன்றுசேர்த்து, ஐக்கிய சகோதரர்கள் என்று பெயர் சூட்டிக்கொண்ட கூட்டம் ஒன்றையும் அமைத்தார். ராட்லர், கிளைன், ஹைனே, ஜான் ஆகியோர் அதில் இருந்தனர். பின்னாளில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தால் புகழ்பெற்ற ராக்ஸ்பரோவும், கல்கத்தாவில் 1784-இல் ஆசியாட்டிக் சங்கத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸும் கடிதவழி அதனோடு உறவு கொண்டனர். ஒருவர் உலர்த்திய செடியை மற்றவருக்கு அனுப்புவதும், பெயரிடுவதில் கருத்து வேறுபட்டால் இருவரும் மூன்றாமவருக்கு எழுதுவதும் அவர்களுடைய வழக்கம். சம்பளம் தந்தவர் யாருமில்லை. ஞாயிறு தோறும் பிரசங்கம் செய்யவேண்டிய கடமை மட்டும் குறையாமல் இருந்தது.

இக்கூட்டத்தில் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த இவர், கடலிலும் குளத்திலும் கிடைத்த மீன்களைச் சேகரித்து, பெர்லின் நகரத்து வைத்தியரும், மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான மார்கஸ் எலீசர் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். நன்றிக்கு அடையாளமாக பிளாக் ஒரு மீனினத்துக்கு ஜானியஸ் என்று பெயரிட்டார். இன்றும் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் கத்தாளை மீன்களிற் சில அந்தப் போதகர் பெயரையே சாஸ்திரப் பெயராகச் சுமந்துகொண்டிருக்கின்றன.

பனைமரத்து மீனை நேரிற் கண்டதாகச் சாட்சியம் எழுதியவர் ஜான் அல்லர்; அதே ஊரில் டேனியக் கம்பெனியின் படையில் லெப்டினன்டாக இருந்தவரும், பூச்சிகளைச் சேகரித்து ஐரோப்பாவிலிருந்த பூச்சியியல் அறிஞர் பேப்ரீசியஸ் முதலியோருக்கு அனுப்பிவந்தவருமான டால்டார்ப். பாரீஸில் புரட்சி மூண்டு இரண்டு ஆண்டுகள் ஆகி, அதன் அலைகள் பிரெஞ்சுக் காரைக்காலிலும் மோதிக்கொண்டிருந்த 1791-ஆம் ஆண்டில், குளத்தருகே நின்ற பனை ஒன்றின் தண்டில், ஈரம் ஊறிய வெடிப்பிலிருந்து தாம் அந்த மீனைக் கையால் பிடித்தெடுத்ததாக அவர் லண்டனில் இயற்கை அறிஞர் ஜோஸப் பாங்க்ஸுக்கு எழுதினார். அது 1797-இல் லின்னேயஸ் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. மீன் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தது. செவுள்மூடியின் முட்களால் தன்னைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாலை இடப்புறம் வளைத்து, அடித்துடுப்பின் முட்களை மரப்பட்டையின் பள்ளத்தில் ஊன்றி, உடலை நிமிர்த்தி மேலே உந்தப் பார்த்தது. பிடித்த கைதான் அதன் பிரயாணத்தை நிறுத்தியது. இவ்வளவே சாட்சியம். ஆயினும், மீன் எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்த உறுப்பு எதை எப்படிப் பற்றியது, வால் எப்பக்கம் வளைந்தது என்றெல்லாம் நின்று பார்த்து எழுதிய அந்தப் பட்டாளத்துக்காரரின் பொறுமை, இருநூறு ஆண்டுகள் கழித்தும் அவரை நாம் குறுக்கு விசாரணை செய்வதற்கு இடம் தருகிறது. ஒரு சாட்சிக்கு இதனினும் பெரிய சிறப்பு வேண்டுமோ?

ஜானும் இச்செய்தியை உறுதிப்படுத்தி எழுதினார். ஆனால் அவர் எழுத்தில் காட்சியைவிடப் பழக்கத்தின் வருணனையே மிகுதி. குளத்துச் சேற்றில் வாழும் இம்மீன் பல மணிநேரம் தரையில் நெளிந்து செல்லும். செவுள்மூடியின் அரம்போன்ற விளிம்பாலும் துடுப்பு முட்களாலும், மழைநீர் வழிந்தோடும் பனைகளில் ஏறும். தமிழர் இதனைப் பனையேறி என்பர். இதிற் பெரும்பகுதி ஊரார் வாய்மொழி என்பது வெளிப்படை. எனினும், மழைநீர் வழியும் மரம் என்ற ஒரு குறிப்பை அவர் விடாமல் எழுதிவைத்தார். அந்தச் சிறு குறிப்பின் மதிப்பு, பின்னர் இலங்கையிலிருந்து வந்த வேறொரு கடிதத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் புலப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐயங்கள் எழுந்தன. கங்கை நதியின் மீன்களைப் பற்றி 1822-இல் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன் புக்கானன், டால்டார்ப் கண்டது தற்செயலான நிகழ்ச்சியாக இருக்கலாமேயன்றி மீனின் வழக்கமாகக் கொள்ளத்தக்கதன்று என்ற கருத்தினர். இலங்கையில் குடியேற்றக் காரியதரிசியாக இருந்த எமர்சன் டென்னன்ட், அத்தீவின் இயற்கை வரலாற்றை 1861-இல் எழுதியபொழுது, வழக்கறிஞருக்குரிய நுட்பத்தோடு இவ்விஷயத்தைக் கிளறினார். தண்ணீர் காலடியிலேயே இருக்கும்போது, ஈரத்தைத் தேடி மரமேற வேண்டிய அவசியம் என்ன? நீர்ப்பூச்சிகளைத் தின்னும் மீனுக்கு மரத்தின்மேல் என்ன இருக்கிறது? ஏறுவதற்கு உதவும் முட்கள் இறங்குவதற்குத் தடையாகுமே, மீன் எவ்வாறு இறங்கும்? இலங்கையில் இம்மீன் மரமேறியதாகத் தாம் ஒரு செய்தியும் கேட்டதில்லை என்றும், தரையில் நெடுந்தூரம் செல்வது மட்டும் நன்கு நிலைபெற்ற உண்மை என்றும் அவர் முடித்தார்.

டென்னன்டின் நூலுக்குப் பொருள் சேர்த்தவர்களும் பெரும்பாலும் அன்பர்களே. திருகோணமலை அரசாங்க அதிபராயிருந்த மோரிஸ் என்பவர், ஏரிக்கரை ஒன்றைப் பார்வையிடச் சென்ற இடத்தில் திடீரென்று கனமழை பெய்ததையும், கூழைக்கடா ஒன்று நீரின் ஓரத்தில் எதையோ விழுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு ஆட்கள் ஓடிப்பார்த்ததையும், மழைநீர் சிற்றோடைகளாக வழிந்த புல்லின் நடுவே, உடலை மூடுமளவு நீரும் இல்லாத இடத்தில், மீன்கள் கூட்டங்கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து மேட்டின்மீது ஏறிக்கொண்டிருந்ததையும், ஏரியிலிருந்து நாற்பது கெஜ தூரத்தில் அவற்றை மரக்கால் கணக்கில் அள்ளியதையும் அவருக்கு எழுதியனுப்பினார். அந்த மீன்கள் எந்த இனம் என்பதை மோரிஸ் சாஸ்திர முறையில் சொல்லவில்லை. ஆனால் அவை எதற்காக ஏறின என்பதை அவருடைய கடிதம் சொல்லாமற் சொல்கிறது. அவை இலக்கு ஒன்றைக் குறித்து மேட்டில் ஏறவில்லை. வழிந்துவரும் புதுநீரை எதிர்த்து நீந்தின, அந்த நீர் வழிந்தது மேட்டிலிருந்து என்பதால் மேட்டில் ஏறின, அவ்வளவே. புதுவெள்ளம் கண்ட மீன் எதிரேறும் என்பது நம் வாய்க்கால் மதகுகளில் ஊத்தாவோடு காத்திருக்கும் சிறுவனுக்கும் தெரிந்தது. இனி ஜானின் குறிப்பை இதனோடு பொருத்திப் பாருங்கள். அடைமழையில் பனையின் தண்டு வழியே நீர் தாரையாக இறங்குகிறது. இளம்பனையாயின், வெட்டாது விட்ட மட்டைகளின் அடிக்கட்டைகள் தரைமட்டம் வரையில் படிபடியாக நிற்கின்றன. மரத்தடிக்கு ஊர்ந்துவந்த மீனுக்கு அந்தத் தாரையும் ஒரு சிற்றோடைதான். ஏறவேண்டிய நோக்கம் என்ன என்ற டென்னன்டின் முதல் வினாவுக்கு, அவருடைய நூலிலேயே விடை கிடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் கருதலேயன்றிக் காட்சியன்று.

மூச்சைப் பற்றிய விசாரணை இதைவிட நேராக முன்னேறியது. புதுச்சேரியிலிருந்து லெஷனோல்ட் அனுப்பிய மீன்கள் உட்படக் கீழ்நாட்டு மீன்கள் பலவற்றை பாரீஸில் அறுத்தாராய்ந்த விலங்கியல் அறிஞர் கூவியே, இம்மீனின் செவுளுக்கு மேலுள்ள அறையில் மடிப்பு மடிப்பாக எலும்புத் தகடுகளாலான சிக்கலான உறுப்பு ஒன்றைக் கண்டு, அது நீரைத் தேக்கிவைத்துச் செவுளை நனைத்துக்கொள்ளும் பாத்திரம் என்று கருதினார். அவர் கண்டது சரி, கருதியது பிழை. சென்னைப் படையில் வைத்தியராயிருந்து, பின்னர் இந்திய மீன்துறையின் தலைமை அதிகாரியான பிரான்சிஸ் டே போன்றோர், மீனை நீரின் மேற்பரப்புக்கு வரவொட்டாமல் தடுத்தால் அது நீருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்துபோவதை எடுத்துக்காட்டினர். தேக்கிவைக்கப்படுவது காற்றே, காற்றின்றி இம்மீன் வாழாது. மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்பது, பனையேறும் என்பதினும் பெரிய அதிசயம் என்று சொல்லவேண்டும். இந்த உறுப்பின் வளர்ச்சியையும் இத்தகைய மீன்களின் வாழ்க்கை முறையையும் வங்காளத்து விலங்கியலார் பஸந்த குமார் தாஸ் விரிவாக ஆராய்ந்து, 1927-இல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் எழுதினார். மரத்தின்மீது மீன் காணப்பட்டதற்கும் அவர் ஒரு காரணம் கூறினார். வயலில் ஊர்ந்து செல்லும் மீனைக் காகமும் பருந்தும் கவ்விக்கொண்டு போய் மரத்தின் கவட்டில் வைக்கின்றன. தின்பதற்குள் கலைக்கப்பட்டால் விட்டுச் செல்கின்றன. எளிதில் சாகாத மீன் அங்கே உயிரோடு கிடக்கிறது. கண்டவன், அது தானே ஏறியது என்று கொள்கிறான். 1931-இல் நார்மன் எழுதிய மீன்களின் வரலாறு என்னும் நூல் இக்கருத்தைப் பரப்பிய பின்னர், பாடநூல்கள் பனையேறும் கதையைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டன.

தள்ளியது முற்றிலும் நியாயமா? காகத்தின் விளக்கம், மரத்தில் மீன் கிடந்ததை விளக்குகிறது. மீன் ஏற முயன்றதை விளக்குவதாயின் இன்னும் ஒரு படி வேண்டும். அந்தப் படியை டால்டார்ப்பின் சாட்சியமே தருகிறது. இம்மீனின் செவுள்மூடியில் உள்ள முட்கள் பின்னோக்கி வளைந்தவை. மூடி விரியும்போது அவை பிடித்துக்கொள்வதால், மீன் எவ்வளவு துடித்தாலும் தலை நோக்கிய திசையிலேயே நகர முடியுமன்றிப் பின்வாங்க முடியாது. கையில் அகப்பட்ட முதல் மீனைப் பல்லிற் கடித்துக்கொண்டு அடுத்ததைத் துழாவும் பழக்கமுடையவர் தொண்டையில், இதே காரணத்தால் இது புகுந்து திரும்பாமல் உயிருக்கு ஆபத்து விளைத்த செய்திகள் மருத்துவ இதழ்களிலேயே உண்டு. ஆகவே தலைமேலாக ஒரு வெடிப்பில் செருகிய மீன், எவ்வாறு அங்கே வந்திருந்தாலும், துடிக்கத் துடிக்க மேலேயே செல்லும். பார்ப்பவனுக்கு அத்துடிப்பு ஏற்றமாகவே தோன்றும். டால்டார்ப் கண்டது பொய்யன்று. ஐந்தடிக்குக் கீழே நடந்ததை அவர் காணவில்லை. அவர் கண்ட ஒரு கணத்தைக் கொண்டு முழுப் பிரயாணத்தையும் கருதிக்கொண்டார் என்பதே குற்றம், அதுவும் சிறிய குற்றம்.

இவ்வாறு ஓர் ஐதிகம், தரங்கம்பாடிப் போதகர் முதல் வங்காளத்து விலங்கியலார் வரையில் பலர் கையில் பட்டு, பகுதி பகுதியாகப் பிரிந்தது. நீரின்றி வாழும் என்பது மெய்யாயிற்று. தரையில் நடக்கும் என்பதும் மெய்யாகி, 1990-இல் டேவன்போர்ட், மத்தீன் என்னும் இருவர் ஆய்வுக்கூடத்தில் அந்த நடையை அளந்தும் எழுதினர். நியூகினி வழியாக டாரஸ் ஜலசந்தியின் போய்கு, சைபாய் தீவுகள் வரையில் இம்மீன் பரவி, ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் வந்துவிடுமோ என்று அந்நாட்டார் இன்று அஞ்சுவது இந்த ஆற்றலை முன்னிட்டே. மரமேறும் என்பது மட்டும் பெரிதும் சுருங்கி, ஆனால் முற்றும் அழியாமல் நிற்கிறது.

பிரிக்க இயலாத ஐதிகத்தைப் பற்றிக்கொண்ட கூட்டத்துக்கு என்ன நேரும் என்பதற்கு, உலகறிந்த உதாரணம் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரி. ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளமும் 230 மீட்டர் ஆழமும் உடைய அந்தக் கரிய நீரில் பூதாகாரமான ஜந்து ஒன்று காணப்பட்டதாக 1933-ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. மறு ஆண்டு லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த, நீண்ட கழுத்தோடு கூடிய புகழ்பெற்ற படம், பொம்மையை மிதக்கவிட்டு எடுத்த மோசடி என்பது அறுபது ஆண்டுகள் கழித்தே அம்பலமாயிற்று. 1960-இல் டிம் டின்ஸ்டேல் என்னும் விமான எஞ்சினியர் நீரில் நகரும் ஏதோ ஒன்றைத் திரைப்படமாக எடுத்தார். அதன்பின் 1962-இல், பார்லிமெண்டு அங்கத்தினர் டேவிட் ஜேம்ஸ், இயற்கை அறிஞர் பீட்டர் ஸ்காட், ரிச்சர்ட் பிட்டர், கான்ஸ்டன்ஸ் வைட் முதலியோர் சேர்ந்து லாக் நெஸ் ஜந்துவை ஆராயும் கழகம் ஒன்றைத் தொடங்கினர். கோடை தோறும் தொண்டர்கள் தங்கள் விடுமுறையையும் தங்கள் பணத்தையும் செலவிட்டு வந்து, கரையோரம் பாசறை அமைத்து, நெடுந்தொலைவு லென்ஸ் பொருத்திய காமிராக்களின் பின்னே விடியல் முதல் அந்தி வரை அமர்ந்திருந்தனர். 1969-இல் அக்கழகத்தின் உறுப்பினர் தொகை 1,030. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் ஒலியலைக் கருவிகளோடு உதவ முன்வந்தனர். சிக்காகோ பல்கலைக்கழகத்து உயிரியலார் ராய் மக்கால் வந்து சேர்ந்தார். 1972-இல் கழகம் கலைந்தபொழுது, பத்தாண்டுக் காவலின் பயனாக ஐயத்துக்கு இடமற்ற ஒரு படமும் இல்லை.

உழைப்பிலோ நேர்மையிலோ அவர்கள் குறைந்தவர்களல்லர். படகு கிளப்பிய அலை, நீந்தும் மான், மிதக்கும் கட்டை, நீர்ப்பறவைக் கூட்டம் ஆகியவற்றை ஜந்துவென்று மயங்காதிருக்கத் தொண்டர்கள் முயன்றனர். குறை வினாவில் இருந்தது. ஜந்து உண்டா என்று கேட்டார்கள். இன்று காணாதது நாளை காணப்படலாம் என்ற விடை எப்பொழுதும் கைவசம் இருந்ததால், இல்லை என்று சொல்லும் தருணம் ஒருபோதும் வரவில்லை. 1975-இல் பீட்டர் ஸ்காட், தெளிவற்ற நீரடிப் படங்களை நம்பி, காணாத பிராணிக்கு லத்தீன் பெயரும் சூட்டினார். மாறாக, எழுபதுகளில் அங்கு வந்த ஏட்ரியன் ஷைன் என்னும் அன்பர், ஜந்துவைத் தேடும் சாக்கில் ஏரியையே படிக்கத் தொடங்கி, அதன் அலைகளையும் அடிவண்டலையும் ஆழத்து மீன்களையும் பற்றிய நிபுணராகிவிட்டார். 1987-இல் இருபதுக்கு மேற்பட்ட படகுகளை வரிசையாக நிறுத்தி ஏரியை ஒலியலையால் துழாவியதும் அவரே. 2018-இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்து நீல் ஜெம்மெல் ஏறத்தாழ 250 நீர் மாதிரிகளை எடுத்து, அவற்றில் கரைந்திருந்த மரபணுத் துணுக்குகளை ஆராய்ந்தார்; ஊர்வன இனத்தின் சுவடே இல்லை, விலாங்கின் சுவடு மட்டும் ஏராளம் என்று மறு ஆண்டு அறிவித்தார். ஆயினும் 2023 ஆகஸ்டில் தொண்டர்கள் மீண்டும் நூற்றுக்கணக்கில் கரையில் கூடினர். அவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். நல்ல காற்றும் நல்ல நட்பும் கிடைத்திருக்கும்.

நம் நாட்டிலேயே மேகாலயத்தின் காரோ மலையில் இத்தகைய கூட்டம் ஒன்று இருக்கிறது. மனிதனைப் போல் நிமிர்ந்து நடக்கும், உடல் முழுதும் மயிர் போர்த்த மாண்டே புருங் என்னும் வனமனிதனைப் பற்றி அங்குள்ளார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதை, தூரா நகரத்துச் சுற்றுலாச் சங்கம் ஒன்றின் சார்பில் தீபு மராக் என்பவர் ஆண்டுக்கணக்கில் திரட்டி வந்தார். 2008-இல் பி.பி.சி. நிருபர் அங்கு சென்றபொழுது, காட்டில் கண்டெடுத்த மயிரிழைகள் சிலவற்றை அவரிடம் ஒப்படைத்தார். ஆக்ஸ்போர்டில் நுண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தபோது அறிந்த விலங்குகளோடு உடனே பொருந்தாமையால் சில வாரம் பரபரப்பு நிலவியது. மரபணுச் சோதனையோ, அவை கோரல் என்னும் இமயமலைக் காட்டாட்டின் மயிர் என்று முடிவு கூறிவிட்டது. பத்திரிகைகள் இதைத் தோல்வியாக எழுதின. பொய்ப்பிக்கக்கூடிய பொருளை, பொய்ப்பிக்கக்கூடியவர் கையில் மனமுவந்து கொடுத்ததே அந்தச் சங்கம் செய்த சிறந்த காரியம் என்பது என் அபிப்பிராயம். லாக் நெஸ் கழகத்தார் பத்தாண்டில் அடையாத தெளிவை இவர்கள் சில மாதத்தில் அடைந்தனர்.

மீண்டும் தரங்கம்பாடிக்கு வருவோமாயின், அந்த அன்பர் கூட்டத்தின் ஏட்டில் ஒரு பெருங்குறை கண்ணை உறுத்துகிறது. கோனிக்குக்குச் செடியைக் காட்டியவர், ஜானுக்குப் பறியிலிருந்து மீனை எடுத்துக் கொடுத்தவர், அது மழையில்தான் ஏறும் என்று சொல்லித் தந்தவர் ஆகிய தமிழர் ஒருவருடைய பெயரும் மீன் விசாரணையில் சாட்சியாக வந்து நிற்கவில்லை. அவர்கள் அறிவு முழுவதும் ஊரார் சொல்வர் என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் பனையில் ஏறி இறங்கிய தொழிலாளியைவிடப் பனைத்தண்டில் மீனைக் காணும் வாய்ப்பு அதிகம் உடையவர் யார்? அவரை ஒருவர் உட்கார்த்திவைத்து, எந்த மாதத்தில், எந்த உயரத்தில், தலை மேலாகவா கீழாகவா, உடம்பில் அலகின் காயம் இருந்ததா என்று கேட்டு எழுதியிருந்தால், டென்னன்டின் ஐயமும் தாஸின் காகமும் அன்றே தராசில் ஏறியிருக்கும். அக்காயத்தைப் பற்றிய வினா இன்றும் கேட்கத்தக்கது. பறவை கவ்விய மீனின் உடலில் அடையாளம் இல்லாமற் போகாது.

காரைக்கால் கரையில் அன்பர் கூட்டம் ஒன்று இன்று அமையுமாயின், அதற்கு இதனினும் அவசரமான ஒரு வேலை காத்திருக்கிறது. ஐதிகமாயிருந்த மீன் மெய்யானதைக் கண்டோம். மெய்யாயிருந்த மீன் ஒன்று ஐதிகமாகிக்கொண்டிருப்பதை இக்கரை இப்பொழுது கண்டுவருகிறது. வடக்கே காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், சினைச்சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டதைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. நீண்டு முன்சென்று இருபுறமும் பற்கள் வைத்த அந்தக் கொம்பு, கரையார் வேளா என்று வழங்கும் மீனுடையது என்று கொள்வதே பொருத்தம். வலையில் எளிதாகச் சிக்கிக்கொள்ளும் அதே கொம்பினால் அவ்வினம் உலகெங்கும் அருகிப்போய், 2001 முதல் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படுகிறது. அமெரிக்காவின் பிளாரிடா அருங்காட்சியகம், வேளாவைக் கண்ட மீனவரும் பொதுமக்களும் இடம், நாள், நீளம் ஆகியவற்றை எழுதியனுப்பும் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் திருமலைராயன்பட்டினத்திலும் இன்று எழுபதைக் கடந்த மீனவர்கள் அம்மீனை வலையில் கண்டவர்களாக இருக்கக்கூடும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அது கேள்விச்செய்தி. கடைசியாக எந்த ஆண்டில், எத்தனை பாக ஆழத்தில், எந்த வலையில், கொம்பு எத்தனை முழம் என்று, கண்டவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்வதற்குக் காமிராவும் வேண்டாம், ஒலியலைக் கருவியும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், குறுக்கே பேசாமல் கேட்கும் பழக்கமும் போதும்.